பதிமூன்றரை நொடிப் பச்சை

மார்ச் 4, சனி

காலை 8.10 முதல் 9.10 வரை. ஆஸ்பத்திரி கிராசிங். நடந்து கடந்தவர்கள் 212. பச்சை முடிந்தபோது இன்னும் நடுரோட்டில் இருந்தவர்கள் 58. அந்த 58-இல் கைத்தடி 9, சக்கர நாற்காலி 2, இடுப்பில் குழந்தை 4. மீதிப் பேர் சும்மா மெதுவாக நடப்பவர்கள். மெதுவாக நடப்பது குற்றமா?

விடுமுறை நாள். சொந்த நேரம், சொந்தப் பேனா. ஆபீஸ் சாமான் எதையும் தொடவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன், பின்னால் கேட்பார்கள்.

அக்கா ஒன்பது பத்துக்கு டியூட்டி முடிந்து வெளியே வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். விளக்குக் கம்பத்தடியில் நான் கோடு போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"என்னடா இங்க நிக்கிற? யாரையாவது எதிர்பாக்கறியா?"

"212 பேரை."

"கல்யாணம் ஆகாததுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜனவரியில் இவள்தான் ஆரம்பித்து வைத்தது. அவள் வார்டுக்கு மூன்று பேர் இதே கிராசிங்கில் அடிபட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் பரிசோதனைக்கு வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர். "நான் சொன்னேன்னு எங்கயும் வாயத் திறக்காத, உன்ன மாதிரி எனக்கும் வெளிய பேசக் கூடாதுங்கற ரூல்தான்" என்றாள். திறக்க மாட்டேன்.

எண்ணுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. போன ஜூனில் வாகன ஓட்டத்தைச் சீராக்க என்று எங்கள் சிக்னல் பிரிவுக்கு உத்தரவு வந்து, பன்னிரண்டு கிராசிங்குகளில் பாதசாரிப் பச்சையை இருபதிலிருந்து பதிமூன்றரை நொடியாகக் குறைத்தோம். 'தோம்' என்ன? நான் குறைத்தேன். சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பொத்தானை அமுக்கியது இந்த விரல்.

மார்ச் 6, திங்கள்

எண்ணிக்கையை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி மஞ்சளிடம் கையில் கொடுத்தேன். இது மூன்றாவது குறிப்பு. முதலாவது ஜனவரி 19, இரண்டாவது பிப்ரவரி 10.

மஞ்சள் என்பது எங்கள் செயற்பொறியாளர். பெயரை வைத்தது பியூஸ், என் கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். காரணம், அவரிடம் எதைக் கேட்டாலும் போ என்றும் சொல்ல மாட்டார், நில் என்றும் சொல்ல மாட்டார். (பியூஸுக்குப் பியூஸ் என்று பெயர் வந்தது அவன் கோபத்தால்.)

"சார், கையேட்டுல ஆஸ்பத்திரி பக்கம்னா குறைஞ்சது பதினெட்டு நொடி வேணும்னு இருக்கு. ரோடு பதினாறு மீட்டர்."

"ம்."

"எப்ப மாத்தலாம்?"

"வெச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன்.

மார்ச் 8, புதன்

பதில் இல்லை.

மார்ச் 11, சனி

பதில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பழைய பணிமனையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. இருபத்தாறு வயதில் 'அந்தக் காலத்தில்' என்று ஆரம்பிப்பவனைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். ஆனாலும்.

வேலையில் சேர்ந்து முதல் பதினான்கு மாதம் அங்கேதான். தகரக் கூரை. மழை பெய்தால் போனில் பேச முடியாது. வாசலில் உடைந்த சிக்னல் தலைகள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும், கண் பிடுங்கின மாதிரி. உள்ளே சோதனைக்கு வைத்த ரிலே சுவிட்சுகள் டக் டக் என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். முதல் வாரம் தலைவலி வந்தது. இப்போது இந்தப் புதுக் கட்டிடத்தின் ஆறாவது மாடியில் ஏசி ஓசையைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. ஒருநாள் மத்தியானம் தூங்கியே விட்டேன்.

அங்கே ஒரு கரும்பலகை உண்டு. கதவை ஒட்டி, ஆளுயரத்துக்கு. யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் எழுதலாம் - டிரைவர், எலக்ட்ரீஷியன், எஞ்சினியர். எந்தச் சிக்னலில் என்ன கோளாறு, அது யாரால் வந்தது, எல்லாம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் அதன் முன் நிற்போம். எவர் பேர் இருக்கிறதோ அவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு விதி: எழுதினவர்தான் அழிக்கலாம். பதில் திருப்தி என்றால் அவரே வந்து துடைப்பார். இல்லையென்றால் அடுத்த சனி வரைக்கும் அது அங்கேயே நிற்கும். பெரிய அதிகாரி வந்தாலும் அப்படியே நிற்கும். யாரும் அவசரமாக ஓடிப்போய்த் துணியால் மூடினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் சேர்ந்த ஒன்பதாம் நாள் என்னைப் பற்றி முதல் வரி: "புது எஞ்சினியருக்கு இடது வலது தெரியவில்லை. சந்தைச் சிக்னலில் இரண்டு பக்கமும் பச்சை, நான்கு நிமிடம்." எழுதினது பியூஸ். காது சூடாகிவிட்டது. சனிக்கிழமை, கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவன் வந்து துடைத்துவிட்டு, "டீ நீதான் வாங்கித் தரணும்" என்றான். அதிலிருந்து சிநேகம்.

புதுக் கட்டிடத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை இருக்கிறது. பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி யாரிடம் என்று எட்டு மாதமாக எனக்குத் தெரியாது.

மார்ச் 15, புதன்

எங்கள் தெருக்காரர்களின் போன் குழுவில் தையல்கடைக்காரம்மா கேட்டார். கிராசிங்கை ஒட்டினாற்போல் கடை. அவர் வீட்டுக்காரர் வாரம் மூன்று நாள் கைத்தடியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். "அந்த சிக்னல் ரிப்பேரா? இவர் பாதி தூரம் போறதுக்குள்ள செவப்பாயிடுது. யாருக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியும். சொன்னேன். எழுதியதை அப்படியே இங்கே பிரதி எடுக்கிறேன்:

"ரிப்பேர் இல்லை. போன ஜூன் முதல் மூன்றாம் கட்டத்தில் பச்சை 13.5 நொடி. முன்பு 20. அந்த ரோட்டுக்கு 18 வேண்டும். புகார் கொடுப்பதானால் இந்த எண்களை எழுதவும்."

பத்து நிமிடத்தில் பியூஸ் போன்.

"அழிடா."

"ஏன்? தப்பா?"

"சரியாத்தான் இருக்கு, அதான் அழிங்கறேன். உனக்கு இன்னும் பர்மனென்ட் ஆகல."

அழிக்கவில்லை. கேட்டவருக்குப் பதில் போய்ச் சேர்வதற்கு முன்னால் எப்படி அழிப்பது? அம்மா கடையில் மெஷினில் இருப்பார், சாயங்காலம்தான் பார்ப்பார். சாயங்காலம் வரை விட்டேன். அது போதும் போலிருக்கிறது.

மார்ச் 17, வெள்ளி

பேப்பரில் நாலாம் பக்கம்: 'சிக்னல் நேரம் குறைப்பு: பொறியாளரே ஒப்புதல்.' நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டார்கள், சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையா?

மூன்று மணிக்குக் குறிப்பாணை. அனுமதியின்றி அலுவலகத் தகவலை வெளியிட்டது. துறையைப் பொதுவெளியில் விமர்சித்தது. உரிய உள்வழியைப் பயன்படுத்தாதது. ஏழு நாளில் விளக்கம். கீழே மஞ்சளின் கையெழுத்து.

மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரிப்பு வந்தது. உள்வழி அவர் மேஜைதானே.

மார்ச் 20, திங்கள்

நடத்தை விதிகளை இன்றுதான் முழுசாகப் படித்தேன். நாற்பத்தொரு பக்கம். சேரும்போது 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொய்க் கையெழுத்து. அதற்கு ஒரு மெமோ கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

எனக்குப் புரிந்தவரை இதுதான். நடைபாதையில் நிற்கும் எந்த மனிதனும் அந்தப் பச்சையை எண்ணலாம், போதவில்லை என்று ஊரெல்லாம் சொல்லலாம். நானும் நடைபாதையில் நிற்கும் மனிதன்தான், சனிக்கிழமையில். ஆனால் பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. அப்போது எழுதியது யார், சனிக்கிழமை ஆளா, சாவிக்காரனா? விதி எழுதினவர் அதற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். விதி 9 என்று ஒன்று மட்டும் இருக்கிறது: முன் அனுமதி பெற்றுப் பேசலாம். இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நிர்வாகப் பிரிவில் விசாரித்தேன். அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அக்கா சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"நீ வேலைக்குப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"தப்பா ஒரு எண் சொல்லலக்கா."

"எண்ண யாரு கேட்டா? நான் பதினோரு வருஷமா பாக்கறதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா இந்த ஊர்ல பாதிப் பேரு தூங்க மாட்டான்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்டிருக்கக் கூடாது. என் வாய் இருக்கிறதே.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ரோடு தாண்டும்போது அவள் என் கையைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். கை நழுவும், மணிக்கட்டு நழுவாது என்பாள். அந்த ரோட்டில் சிக்னலே கிடையாது. இடது பக்கம் பார்த்து, வலது பக்கம் பார்த்து, 'இப்ப' என்பாள். அந்த 'இப்ப' ஒருநாளும் தப்பியதில்லை. அந்த ரோட்டை இப்போது நினைத்தால் அகலம் குறைவாகத்தான் இருந்திருக்கும், எட்டு மீட்டர். அப்போது ஆறு மாதிரி இருந்தது.

மார்ச் 27, திங்கள்

விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து சட்டப்பிரிவு அம்மா ஒருவர். எதிரில் நான். பக்கத்தில் மஞ்சள்.

மரியாதையான அம்மா. தண்ணீர் வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் பிடித்தார்.

"தம்பி, நடைபாதையில நின்னு எண்ணினேன்னு விளக்கத்துல எழுதியிருக்கீங்க. எதப் பாத்து எண்ணினீங்க?"

"கைக்கடிகாரம்."

"அதுல அரை நொடி தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அந்த அரை எங்கேர்ந்து வந்துச்சு?"

பதில் என்னிடம் இருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் நேரத்தை அரை அரை நொடியாகத்தான் வைக்க முடியும். அந்த அரை நான் வைத்தது.

"பெட்டிலேர்ந்து" என்றேன்.

"மூணாம் கட்டம்னா நடக்கறவங்களுக்குப் பச்சை விழற முறைங்கறது தையக்கடையில இருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பதினாலுன்னு மட்டும் எழுதியிருந்தா, நான் இன்னிக்கு இங்க வந்திருக்கவே வேண்டாம்." கோபமில்லாமல் சொன்னார். உண்மையும் அதுதான். தோராயமாக ஒரு எண்ணைச் சொல்ல என் கைக்கு வராது.

"வெளிய சொல்றதுக்கு முன்னாடி உள்ள சொன்னீங்களா?"

"மூணு தடவ. ஜனவரி 19, பிப்ரவரி 10, மார்ச் 6. சார்கிட்ட கையில குடுத்தேன்."

"தபால் பதிவேட்டுல நம்பர்?"

நம்பர் இல்லை. பணிமனையில் ஒருநாளும் யாரும் நம்பர் போட்டதில்லை. எழுதி நேரே கையில் கொடுப்போம், மேலதிகாரி படித்துவிட்டுக் கூப்பிடுவார். அதே பழக்கத்தில் இங்கேயும் கொடுத்தேன். பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார்கள். என் பெயரில் ஒன்றுமில்லை.

அம்மா மஞ்சள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வந்துச்சா?"

அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஞாபகம் இல்ல."

வந்தது என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி விவரம் உங்களுக்கு யார் மூலம் தெரிந்தது என்று கடைசியில் ஒரு கேள்வி. எந்த விவரமும் என் பதிவில் இல்லை, அதனால் யார் மூலமும் இல்லை என்றேன். அந்த ஒரு பதிலை மட்டும் யோசித்துச் சொன்னேன்.

மார்ச் 28, செவ்வாய்

லீவு போட்டுவிட்டேன். படுக்கப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

இதே மனிதர், மஞ்சள். பணிமனையில் அப்போது உதவிச் செயற்பொறியாளர். மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை பாலத்தடிச் சிக்னல் இரண்டு மணி நேரம் அணைந்து கிடந்தது. மறுநாள் காலை நாங்கள் வருவதற்கு முன்பே பலகையில் வரி இருந்தது, அவர் கையெழுத்தில், முழுப் பெயரோடு: 'பாலத்தடி அணைந்தது என் தவறு. உதிரி பாட்டரியைக் கழற்றச் சொன்னது நான்.' சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் நின்று, "கேளுங்க" என்றார். ஒருத்தரும் கேட்கவில்லை. டிரைவர் மட்டும், "சார், அன்னிக்கு உங்களத் திட்டினவங்கள்ல நானும் ஒருத்தன், அதையும் எழுதிடவா?" என்றார். அவர் சிரித்த சிரிப்பு கூரை வரை போனது. சட்டைக் கையாலேயே துடைத்தார். நாள் முழுக்கக் கையில் சாக்பீஸ் தூளோடு திரிந்தார்.

அவருக்கு என்ன ஆயிற்று? பதவி உயர்வு ஆயிற்று. அவ்வளவுதானா?

இதை எழுதும்போது இன்னொன்று உறைக்கிறது. போன ஜூனில் அந்தப் பன்னிரண்டு கிராசிங்குகளைக் குறைத்தபோது பணிமனையில்தான் இருந்தோம். பலகை இருந்தது. சாக்பீஸ் இருந்தது. ஆஸ்பத்திரி முன்னால் பதிமூன்றரை போதாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். கையேடு என் பையில் இருந்தது. ஆனால் அது நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை. பன்னிரண்டு பெட்டி, இரண்டே நாள், ஒரு கோளாறு இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள்.

அன்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான்தான் பலகையில் எழுதவில்லை. அதையும் சேர்த்துத்தான் அந்தப் பணிமனைக்கு இன்று ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 3, திங்கள்

உறுதிமொழிப் படிவம். 'இறுதி உத்தரவு வரும்வரை சிக்னல் சம்பந்தமாக அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் எவ்வகையிலும் கருத்துத் தெரிவிக்க மாட்டேன்.' இந்த முறை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 8, சனி

சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போனது தப்பு.

தையல்கடைக்காரம்மா வாசலில் நின்று போனில் நேரம் பார்த்துப் பச்சையை எண்ணிக்கொண்டிருந்தார். பேப்பரில் வந்ததைப் படித்துவிட்டுத் தானே மனு கொடுக்கப்போகிறாராம். வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார்.

"தம்பி, நல்ல நேரத்துல வந்தே. நீ பதிமூணுன்னு போட்டே, எனக்குப் பத்தொம்போது வருதே?"

எப்படி வருகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பச்சை முடிந்ததும் ஐந்தரை நொடி மினுங்கும். புதிதாக யாரும் இறங்காதே, இறங்கினவர் சீக்கிரம் போய்ச் சேர் என்பதற்காக. அம்மா அதையும் சேர்த்து எண்ணுகிறார். பதிமூன்றரையும் ஐந்தரையும் பத்தொன்பது. இதை எழுதிக்கொடுத்தால் மனு செத்துப் போகும். பதினெட்டே போதும், உங்களுக்குப் பத்தொன்பது இருக்கிறதே என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஒரே வாக்கியம். 'மினுங்கறத எண்ணாதீங்கம்மா.' நாக்கு நுனி வரை வந்தது.

"நான் இதப் பத்திப் பேசக் கூடாதும்மா. எழுதிக் குடுத்திருக்கேன்."

"பேச வேணாம். சரியா இருந்தா தலைய மட்டும் ஆட்டு."

"ஆட்டவும் கூடாது."

"நல்ல வேலைடா இது. பேசறதுக்குச் சம்பளம் வாங்கறவங்களப் பாத்திருக்கேன். பேசாம நிக்கறதுக்கு இப்பத்தான் பாக்கறேன்."

"விடு, பாவம் பையன்" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

மறுபடி எண்ணினார். மறுபடி பத்தொன்பது. மூன்றாம் முறையும். நான் சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொத்தானைச் சரியாகத்தான் தைத்திருக்கிறார்.

ஏப்ரல் 11, செவ்வாய்

மனு வந்துவிட்டது. முத்து முத்தான கையெழுத்து, 63 பேர் ஒப்பம். 'நாங்கள் எண்ணியதில் பச்சை 19 நொடிதான் வருகிறது. இது போதவில்லை.'

பதில் வரைவைத் தயாரிக்கச் சொல்லி மஞ்சள் அதை என் மேஜைக்கே அனுப்பியிருக்கிறார். வெளியே ஒரு தலையாட்டலுக்குக்கூட உரிமை இல்லாத ஆள், உள்ளே அதே கேள்விக்கு அரசாங்கத்தின் பதிலை எழுத வேண்டும். அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

ஏப்ரல் 12, புதன்

வரைவு எழுதிக் கொடுத்தேன். 'மனுதாரர் எண்ணிய 19-இல் மினுங்கும் நேரமும் அடங்கும். உண்மையான பச்சை 13.5 நொடி. கையேட்டின்படி 18 தேவை. மனுதாரரின் கோரிக்கை நியாயமானது.' நாலே வரி.

மஞ்சள் படித்தார். மறுபடி படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெச்சிட்டுப் போ."

ஏப்ரல் 15, சனி

காலை 8.10 முதல் 9.10. ஆஸ்பத்திரி கிராசிங். கடந்தவர்கள் 198. நடுவில் மாட்டியவர்கள் 6.

முதலில் கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பச்சை போய்க்கொண்டே இருக்கிறது. பத்தொன்பது. அதற்கப்புறம்தான் மினுங்கல். தையல்கடைக்காரம்மாவின் வீட்டுக்காரர் கைத்தடியோடு எதிர்ப்பக்கம் ஏறி, திரும்பி நின்று, விளக்கைப் பார்த்தார். இன்னும் பச்சை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. சிரித்துவிட்டேன், அது விதியில் இல்லை.

நேரே பியூஸ் வீட்டுக்குப் போனேன். முதலில் மழுப்பினான், பிறகு சொன்னான்.

"வியாழக்கிழமை சாயங்காலம். என்னை மட்டும் கூட்டிட்டுப் போனாரு. மழை. அவரே டார்ச்சப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. பத்தொம்போது வைன்னாரு."

"உத்தரவு?"

"வாய் வார்த்தைதான். உத்தரவு நம்பர் எழுதற கட்டத்த காலியா விட்டுட்டேன். யாராவது பெட்டிப் பதிவப் பாத்தா நான் காலி, தெரியுமில்ல? என்னைக் கோத்து விட்டுராத."

ஏப்ரல் 17, திங்கள்

மனுவுக்குப் போன பதிலின் நகலைப் பார்த்தேன். இன்றைய தேதி. என் நாலு வரியில் ஒன்றுகூட இல்லை. 'அவ்விடத்தில் பச்சை 19 நொடி என மனுதாரரே குறிப்பிட்டுள்ளார். கள ஆய்வில் அது சரியென உறுதி செய்யப்பட்டது. விதிப்படி 18 நொடி போதுமானதாகையால் மாற்றம் தேவையில்லை.'

ஒரு வார்த்தை பொய் இல்லை, இன்றைய தேதிக்கு. நேரத்தை மாற்றிவிட்டு, மாற்றவே இல்லை என்று எழுதியிருக்கிறார். அம்மாவின் தப்புக் கணக்கு சரியாகிவிட்டது. என் சரியான கணக்கு தப்பாகிவிட்டது.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன்.

"சார், எல்லாருக்கும் சந்தோஷம். என்னை மட்டும் பொய்க்காரன் ஆக்கிட்டீங்க."

"உக்காரு."

"என் நோட்டு மூணும் எங்க?"

மேஜை இழுப்பறையைத் திறந்தார். மூன்றும் அடுக்கி, கிளிப் போட்டு. தூக்கிப் போடவில்லை. திரும்பக் கொடுக்கவும் இல்லை. மூடிவிட்டார்.

"வந்துச்சுன்னு சொன்னா, மூணு மாசம் என்ன பண்ணினேன்னு கேப்பாங்க. எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு, தம்பி." முதல் முறையாகத் தம்பி என்றார், பணிமனைக்கு அப்புறம். "உனக்கு வேண்டியது அந்த ஆளுங்க ரோட்டத் தாண்டணும், அவ்வளவுதானே? தாண்டிட்டாங்க."

"மீதி பதினொண்ணு கிராசிங்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆறாவது மாடி. அங்கிருந்து எந்தச் சிக்னலும் தெரியாது.

"அதுக்கெல்லாம் யாரும் மனு குடுக்கலயே."

ஏப்ரல் 18, செவ்வாய்

அந்தச் சிரிப்பு, கூரை வரை போன சிரிப்பு. அது இந்த ஆளிடமிருந்துதான் வந்தது என்று எவனிடமாவது சொன்னால் நம்புவானா? மழையில் நின்று டார்ச் பிடித்திருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் பழைய ஆள். கிளம்பி ஆபீஸுக்குள் வந்ததும் மறுபடி மஞ்சள். அவரை வெறுக்க முயற்சி பண்ணினேன். முக்கால்வாசிதான் முடிகிறது.

ஏப்ரல் 21, வெள்ளி

உத்தரவு. 'உண்மைக்குப் புறம்பான தகவலைப் பொதுவெளியில் பரப்பியது நிரூபணமாகிறது.' தகுதிகாண் பருவம் ஓராண்டு நீட்டிப்பு. இந்த ஜூனில் பர்மனென்ட் ஆகியிருக்க வேண்டியவன். மேல்முறையீட்டுக்கு 45 நாள்.

அனுமதியில்லாமல் பேசினாய் என்று தண்டித்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அது நடந்தது. பொய் சொன்னாய் என்கிறார்கள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

இரண்டு நாள் யோசித்தேன். இவ்வளவு நேரம் எதையும் யோசித்தவன் இல்லை.

நான் ஜெயிக்க ஒரே வழி ஆஸ்பத்திரிப் பெட்டியின் பதிவைத் திறக்கச் சொல்வது. ஏப்ரல் 13 மாலை வரை பதிமூன்றரை என்று அதில் இருக்கும். என் பெயர் சுத்தமாகும். காலிக் கட்டத்துக்குப் பியூஸ் மாட்டுவான், மஞ்சளும் மாட்டுவார். உத்தரவில்லாத மாற்றம் செல்லாது என்று யாராவது ஒரு புண்ணியவான் அதைப் பழையபடி பதிமூன்றரைக்கே கொண்டுபோய் வைப்பான். எங்கள் ஆபீஸை எனக்குத் தெரியும். வைப்பான்.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "இந்த வாரம் அந்தக் கிராசிங்லேர்ந்து ஒருத்தரும் வரல" என்றாள். பிறகு, "இதையும் நான் சொன்னதா சொல்லாத."

இனி:

1. நாளை பத்து மணிக்கு உத்தரவில் கையெழுத்து. 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுத வேண்டும். 'ஏற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தால் அதை அடித்துவிட வேண்டும்.

2. மேல்முறையீடு எழுத வேண்டும். பெட்டிப் பதிவைக் கேட்கக் கூடாது. மூன்று குறிப்புகளின் தேதியை மட்டும் எழுத வேண்டும். தோற்றாலும் அந்தத் தேதிகள் ஒரு கோப்பில் உட்காரும்.

3. பியூஸிடம் சொல்ல வேண்டும், பயப்படாமல் தூங்கச் சொல்லி.

4. விதி 9-இன் கீழ் பேச அனுமதி கேட்டு மனு. மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும்.

5. பன்னிரண்டையும் குறைத்தவன் நான் என்று ஒரு குறிப்பு. உத்தரவுப்படி செய்தேன், போதாது என்று தெரிந்தே செய்தேன் என்று எழுத வேண்டும். இரண்டாவது பாதியை விட்டுவிடக் கூடாது.

6. மீதி பதினொன்றுக்கும் வாரம் ஒரு குறிப்பு. முதலில் பள்ளிக்கூட வாசல். யார் கையிலும் கொடுக்கக் கூடாது. கீழே தபால் பிரிவில் கொடுத்து, முத்திரை வாங்கி, பதிவு நம்பர் வாங்க வேண்டும். நம்பர் தரும்வரை அந்த ஜன்னலை விட்டு நகரக் கூடாது. சாப்பாட்டு நேரம், அப்புறம் வா என்பார்கள். அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது. உட்கார வேண்டும்.